சிவகங்கைச் சீமை பறிபோன விதம்
(சிங்கம்புணரியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிவகங்கையை வெள்ளைக்காரன் பீரங்கியைக் கொண்டு பிடித்தான் என்று சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்துவிடுகிறோம். பீரங்கி இருந்தது உண்மைதான். ஆனால் பீரங்கி சுடுமுன்பே சுட்ட வேறொரு ஆயுதம் இருந்தது. அதைப்பற்றியே இன்று பேச வந்தேன்.

1772-இல் கிஸ்தி பாக்கி என்ற சாக்கில் ஆற்காட்டு நவாப் கும்பினிப் பட்டாளத்தைக் கூட்டி வந்து, காளையார்கோவிலில் முத்துவடுகநாதரைக் கொன்றான். வேலுநாச்சியார் விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவி பெற்று, 1780-இல் சீமையை மீட்டார். கூட நின்றவர்கள் மருது சகோதரர்கள். 1792 உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் வசூலிக்கும் அதிகாரத்தை நவாபிடமிருந்து கும்பினியே எடுத்துக்கொண்டது. வசூலிக்க வந்தவன் வீட்டுக்காரனான கதை அங்கே ஆரம்பம். 1795-இல் இராமநாதபுரம் சேதுபதி சிறைக்குப் போனார். 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் அவர் தம்பி ஊமைத்துரை சிறுவயலுக்கு வந்து அடைக்கலம் கேட்டதும், கும்பினியின் கோபம் சிவகங்கைமீது திரும்பியது.

இங்கேதான் தோழர்களே, கவனிக்க வேண்டும். கர்னல் அக்னியூ 1801 ஜூலையில் ஒரு விளம்பரம் வெளியிட்டான். அதன் சாரம் என்ன? மருதுகள் அரண்மனை வேலைக்காரர்கள், கீழான பிறப்பினர், அவர்களுக்கு ஆள உரிமை இல்லை என்பதுதான்! ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வியாபாரம் செய்ய வந்தவனுக்கு இந்த நாட்டில் என்ன பிறப்புரிமை என்று கேட்க ஆளில்லை. நம்முடைய சரக்கையே எடுத்து நமக்கே விற்றான், நாமும் வாங்கிக்கொண்டோம். செப்டம்பரில் சோழபுரத்தில் படமாத்தூர் கௌரி வல்லபரை உரிமையுள்ள வாரிசு என்று பட்டங்கட்டினான். அதுவரை மருதுகளோடு இருந்தவர்களில் பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு குண்டு செலவில்லை!

இத்தனைக்கும் அந்த 'வேலைக்காரன்' எப்படி இருந்தான்? கும்பினி அதிகாரியான வெல்ஷ் என்பவரே எழுதி வைத்திருக்கிறார். 1795-இல் சிறுவயல் அரண்மனைக்கு அவர் போனபோது வாசலில் காவல் இல்லையாம். இஷ்டப்பட்டவர் உள்ளே போகலாம், வரலாமாம். எந்த மகாராஜா வீட்டில் இதைப் பார்க்க முடியும்?

நிற்க. காளையார்கோவில் கோபுரத்தை இடித்துவிடுவதாகப் பயமுறுத்தவே மருதுகள் தாமாக வந்து சரணடைந்தார்கள் என்றொரு கதை சொல்லப்படுகிறது. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் காளையார்கோவில் அக்டோபர் 1-ஆம் தேதியே கும்பினி கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு காட்டில் வேட்டையாடித்தான் அவர்களைப் பிடித்தார்கள். சின்னமருதுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்ததென்று வெல்ஷ் எழுதுகிறார். தாமாகச் சரணடைய வந்தவருக்குத் தொடை ஏன் முறிய வேண்டும்? கடைசிவரை சண்டை போட்ட மனிதர்களைக் கோபுரத்துக்குப் பலியானவர்களாக ஆக்குவது அவர்களுக்கு மரியாதையா என்று யோசியுங்கள்.

1801 அக்டோபர் 24-ஆம் தேதி, இதோ பக்கத்திலுள்ள திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள்.

சரி, அந்த 'உரிமையுள்ள வாரிசு' என்ன ஆனார்? ராஜாவாக அல்ல, கும்பினிக்குப் பணங்கட்டும் ஜமீன்தாராக ஆனார். 1829-இல் அவர் இறந்ததும் யார் வாரிசு என்று வழக்கு. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863-இல்தான் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ந்தது. முப்பத்துநாலு வருஷம்! நம் சீமைக்கு யார் வாரிசென்று சீமைத்துரை தீர்ப்புச் சொன்னான். குடியானவன் கட்டிய தீர்வை வக்கீல் வீட்டுக்குப் போயிற்று. பிறப்பைக் காட்டி வாங்கிய சொத்தை மறுபடியும் பிறப்பே தின்றது.

சின்னமருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது வயது பதினைந்து. 1802-இல் எழுபதுக்கு மேற்பட்டவர்களோடு கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818-இல் அங்கே போன வெல்ஷிடம் ஒரு மனிதர் வந்து நின்றார். வெல்ஷுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு தளர்ந்திருந்தார். அவர்தான் துரைசாமி. ஊரில் மிஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும்படி மட்டும் கேட்டார். உத்தரவு இல்லை என்று வெல்ஷ் அதை வாங்க மறுத்துவிட்டார்.