நடுக்குவாத நோயாளரும் ஊரவர் கொடையும்

கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரையும் கடலோரமாக அமைந்த ஊர்களின் மக்கள் கொடைக்குப் பின்னிற்பவர் அல்லர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி ஊருட் புகுந்து, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு சென்றபோது, வீடு பிழைத்தவர் வீடிழந்தவர்க்கு வாயிலைத் திறந்தனர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் புகலிடமாயின. கண்முன் நிகழும் துன்பத்துக்குக் கை தானே நீளும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று ஒருவரை உள்ளிருந்தே மெல்ல மெல்லக் கட்டிப்போடும் துன்பத்துக்கு அது அவ்வாறு நீள்வதில்லை. நடுக்குவாதம் அத்தகையதொரு துன்பம்.

மருதமுனையின் தறியிலே நாற்பதாண்டு உழைத்த ஒருவருக்கு ஓய்ந்திருக்கும்போது கை நடுங்கத் தொடங்குகிறது என்று கொள்வோம். சட்டைப் பொத்தானைப் போட நேரம் செல்கிறது. கையெழுத்துச் சிறுத்துப் போகிறது. தொழுகையில் சுஜூதிலிருந்து எழ இயலாது நாற்காலியை நாடுகிறார். முகத்திலே சிரிப்புத் தோன்றுவதில்லை. கண்டவர், மனிதருக்குப் பெருமை வந்துவிட்டது என்கின்றனர்! வீட்டாரோ இது முதுமை என்று விட்டுவிடுகின்றனர். வைத்தியரிடம் வந்து சேர்வதற்குள் ஆண்டுகள் சில கழிந்துவிடும்.

இந்நோயை இலண்டனில் வாழ்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் வைத்தியர் 1817ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலில் விரித்துரைத்தார். அவர் ஆராய்ந்தவர் அறுவரே. அவருள்ளும் சிலரைத் தெருவிலே கண்டுதான் குறிப்பெழுதினார். மூளையின் அடிப்பாகத்தில் கருநிறப் பகுதியொன்று உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமீன் என்னும் பொருளைச் சுரப்பன. அவை அழிந்துபடுவதால் உடலின் அசைவு தடைப்படுகிறது என்பது 1960ஆம் ஆண்டளவிலேயே தெளிவாயிற்று. 1967இல் ஜோர்ஜ் கொட்சியாஸ் என்பவர் லெவோடோபா என்னும் மருந்தை வாய்வழியே பெருமளவிற் கொடுத்து, அசைவற்றுக் கிடந்தோரை நடமாடச் செய்தார். அம்மருந்துப் பொருள் கீழைத்தேயத்துக்குப் புதியதன்று. பூனைக்காலி விதையில் அஃது உண்டென்று சென்னையிலே தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் 1937ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்துக் காட்டியிருந்தனர். ஆனால் விதையை அளவறியாது இடித்துக் குடிப்பது மருந்தாகாது, கேடாகவும் முடியும்.

நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் கிடைத்திலது. லெவோடோபாக் குளிசை நோயின் கட்டைத் தளர்த்துகிறது, அவ்வளவே. அதனை நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலுமோ, குறித்த நேரத்தில், பெரும்பாலும் உணவுக்கு முன்னரே விழுங்குதல் வேண்டும். இறைச்சியும் மீனும் மிகுந்த உணவோடு சேர்ந்தால் குளிசையின் வலி குன்றும். ஒருவேளை தவறினால் கால் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும். திடீரென நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்து. ஆதலின் இந்நோயாளருக்கு வேண்டுவது ஒருநாட் கொடையன்று, தவறாத கொடை.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகள் கட்டணமின்றிச் சிகிச்சை அளிப்பது பெரும்பேறு. ஆயினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை எவரும் மறந்திரார். வைத்தியசாலையில் இல்லாத குளிசையை வெளிக்கடையில் வாங்க வேண்டும். நரம்பியல் நிபுணரைக் காணக் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கோ, இரவு முழுதும் பஸ் வண்டியில் இருந்து கொழும்புக்கோ செல்ல நேர்ந்தால், நடுங்கும் ஒருவரைத் தாங்கிச் செல்ல மற்றொருவரும் வேண்டும். இருவருடைய நாட்கூலியும் போய்விடும். ஏழை வீட்டார் என்ன செய்வர்? மூன்று குளிசையை இரண்டாக்குவர். பின்னர் இரண்டை ஒன்றாக்குவர். நோயாளி விழுவார், இடுப்பெலும்பு முறியும். அதன் பின்னரே ஊர் கூடிப் பணம் சேர்க்கும்.

இக்கரையோர ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் வழக்கம் இருத்தலால், முதிய பெற்றோர் பெரும்பாலும் மகளின் வீட்டிலேயே இருப்பர். வாப்பாவை எழுப்பி, உளுச் செய்வித்து, உடுப்பித்து, ஊட்டி, இரவில் புரட்டிப் படுக்கவைக்கும் பணி முழுவதும் அம்மகளின் தோளிலே விழுகிறது. அவளுடைய உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பிற நாடுகளில் இவ்வகைக் கொடை எவ்வாறு தொடங்கிற்று என்று பார்த்தால், அது பெரும்பாலும் ஒரு வீட்டிலிருந்தோ ஒரு கடையிலிருந்தோ தொடங்கியிருக்கக் காணலாம். அமெரிக்காவிலே கோப்பி வணிகம் செய்து பொருளீட்டிய வில்லியம் பிளாக் என்பவர், தம்மோடு உழைத்த ஒருவருக்கு இந்நோய் வந்தது கண்டு, 1957இல் ஆராய்ச்சிக்கென ஓர் அறநிலையம் நிறுவினார். இங்கிலாந்தில் மாலி ஜென்கின்ஸ் என்னும் பெண்மணி, தம் சகோதரியின் நோய் காரணமாக 1969இல் ஒரு சங்கம் கண்டார். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலிக்கு 1984இல் இந்நோய் உண்டெனக் கண்டறியப்பட்டது. நடுங்கும் கையோடு 1996இல் அத்லாந்தா நகரில் அவர் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியதை உலகம் பார்த்தது. மறுவருடம் பீனிக்ஸ் நகரில் அவர் பெயரால் ஒரு சிகிச்சை நிலையம் எழுந்தது. மும்பையிலோ 2001ஆம் ஆண்டு முதல் ஒரு சங்கம், நோயாளரையும் வீட்டாரையும் கட்டணமின்றி ஒருங்கு கூட்டி உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் அளித்து வருகிறது. இலங்கை நகரங்களுக்கு இம்முறையே மிகவும் பொருந்துவது எனலாம். கட்டடம் வேண்டியதில்லை, ஒரு மண்டபமும், பயிற்சியறிந்த ஒருவரும், கிழமைக்கொரு மாலையும் போதும்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது காற்றில் வீசுவது என்று எண்ணுவோர் உளர். நடிகர் மைக்கேல் ஜே. பொக்ஸ் 2000ஆம் ஆண்டில் நிறுவிய அறநிலையத்தின் பொருளால் நடந்த ஆய்வொன்றில் 1,100க்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். முள்ளந்தண்டு நீரைச் சோதித்து இந்நோய்க்குரிய புரதத்தின் கேட்டைக் கண்டுகொள்ளலாம் என்பது அதனால் 2023இல் வெளிப்பட்டது. நோயைத் தொடக்கத்திலேயே அறிந்தாலன்றி அதனைத் தடுக்கும் மருந்தைச் சோதிக்க வழியில்லை. கொடுத்தவர் பலர் அம்முடிவைக் காணாமலே மறைந்திருப்பர்.

இஸ்லாமிய அறநெறியில் இதற்கு இடம் ஏற்கெனவே உண்டு. ஸக்காத்துப் பெறுதற்குரிய எட்டு வகையினருள் முதலில் நிற்பவர் வறியோரும் தேவையுடையோருமே. குளிசை வாங்க இயலாத ஏழை நோயாளி அவருள் அடங்குவார். மழையால் விளைந்த நெல்லில் பத்தில் ஒன்றும், செலவிட்டு நீர் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒன்றும் உரியது என்பதைச் சம்மாந்துறை வட்டைகளின் போடிமார் நன்கறிவர். ஆனால் நெல் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலுமே வரும்; குளிசையோ நாள்தோறும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மாதங்களை நிரப்பவே வக்பு என்னும் முறை உதவும். முதலை விற்காது வருவாயை மட்டும் அறத்துக்கு விடுவது அது. கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 1284ஆம் ஆண்டளவில் நிறுவிய பெரிய வைத்தியசாலை, கடைகளும் பிறவும் தந்த வக்பு வருவாயால் நூற்றாண்டுகள் நடந்தது. இலங்கையிலும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் இத்தகைய அறக்கட்டளைகளுக்கு வழிவகுத்துள்ளது. ஆராய்ச்சிக்கு ஸக்காத்துப் பணம் செல்லுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஸதகாவுக்கும் வக்புக்கும் அத்தடை இல்லை.

கல்முனைப் பட்டினத்தில் ஒரு கடையறையின் வாடகை, நிந்தவூர் வயலில் ஓரேக்கரின் விளைவு, மருதமுனையில் ஒரு தறியின் மாத வருவாயில் ஒரு பங்கு என்றிவை ஒரு பள்ளிவாசலின் பதிவேட்டில் இந்நோக்கத்துக்கென ஏறுமாயின், செலவிடும் வகையை வைத்தியரோடு கலந்தே வகுத்தல் வேண்டும். முதற்செலவு குளிசைக்கு, வைத்தியசாலையில் தீரும்போதெல்லாம் ஒரு மாதத்துக்குரியதை வாங்கி இருப்பில் வைக்க அது பயன்படும். அடுத்தது நிபுணரைக் காணச் செல்லும் வழிச்செலவு. உடன் செல்பவருக்கும் சேர்த்து. அதன்பின் குளியலறைச் சுவரிற் பதிக்கும் கைப்பிடிக் கம்பி. அதன் விலை சிறிது, அது தடுக்கும் எலும்பு முறிவோ பெரிது. எஞ்சியதில், கிழமைக்கு இரண்டு பகற்பொழுது அம்மகளுக்குப் பதிலாக நோயாளி அருகே இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கூலி.