வயதும் ஞாபகமும்
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வயதானால் ஞாபகம் போய்விடும் என்பதை நம்மவர்கள் பரீட்சித்துப் பார்க்க வேண்டாத உண்மையாகவே கொண்டிருக்கிறார்கள். அறுபது வயதுக்காரர் குடையை மறந்துவிட்டு வந்தால் "கிழவருக்குப் புத்தி மாறிப்போச்சு" என்கிறோம். இருபது வயதுப் பையன் மறந்து வந்தால் "பையனுக்குக் கவனமில்லை" என்கிறோம். குடையும் ஒன்று, மறதியும் ஒன்று; தீர்ப்பு மாத்திரம் இரண்டு. ஆகவே எது போகிறது, எவ்வளவு போகிறது, அதை யார் எப்படி அளந்தார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

முதலாவது, ஞாபகம் ஒரே சரக்கல்ல. கானடாவில் டொராண்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த எண்டல் டல்விங் என்பவர் 1972-ல் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். உப்புக் கரிக்கும் என்று அறிந்திருப்பது ஒரு வகை. நேற்றுச் சந்தையில் யாரைக் கண்டோம், எங்கே நின்று என்ன பேசினோம் என்பதை மனதில் திரும்பக் கொண்டுவருவது மற்றொரு வகை. இதைச் சம்பவ ஞாபகம் என்று சொல்லலாம். முதல் வகை முதியவர்களிடம் நன்றாகவே நிற்கிறது. வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டால் பல சமயம் வாலிபர்களைவிட அவர்களே மேல். வயதின் அடி விழுவது இரண்டாவதின் மேல்தான்.

இந்தச் சம்பவ ஞாபகம் பிறக்கும்போதே முழுசாக வருவதுமில்லை. நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு புது விஷயத்தைச் சொல்லிக்கொடுத்து, சற்று நேரத்திற்கெல்லாம் "இது உனக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டால், "எப்பவுமே தெரியும்" என்று சொல்லுமாம். 1994-ல் வெளியான பரிசோதனைகளில் இதைக் கண்டார்கள். குழந்தை பொய் சொல்லவில்லை. விஷயம் நின்றது, அதைக் கற்ற சம்பவம் நிற்கவில்லை. (பெரியவர்களிலும் இந்த ஜாதி உண்டு, அதற்குப் பரிசோதனை தேவையில்லை.)

சரி, பெரியவர்களைப் பரீட்சிப்பது எப்படி? பதினைந்து வார்த்தைகளை வாசித்துக் காட்டி, அரைமணி நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்லுவது ஒரு முறை. இதில் முதியவர்கள் பின்தங்குகிறார்கள். ஆனால் அதே வார்த்தைகளைப் புது வார்த்தைகளோடு கலந்து காட்டி "முன்பு கேட்டது எது?" என்றால் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துபோகிறது. நவே-பெஞ்சமின் என்பவர் 2000-ல் வார்த்தைகளை ஜோடி ஜோடியாகக் கொடுத்துப் பார்த்தார். தனித்தனி வார்த்தையை முதியவர்கள் அநேகமாகச் சரியாகவே அடையாளம் கண்டார்கள். எதோடு எது சேர்ந்து வந்தது என்பதில்தான் தவறினார்கள். முகம் தெரிகிறது, பெயரும் தெரிகிறது, இந்த முகத்திற்கு அந்தப் பெயர் என்ற முடிச்சுத்தான் அவிழ்ந்துபோகிறது. இதைப் போய்ப் "புத்தி போச்சு" என்று சொல்லலாமா?

இனி அளவுகோலைப் பாருங்கள். 35 வயதுக்காரரையும் 70 வயதுக்காரரையும் ஒரே நாளில் உட்காரவைத்து மார்க்கைக் கழித்துப் பார்த்து, மிச்சத்தை வயதின் கணக்கில் எழுதுகிறார்கள். அந்த 70 வயதுக்காரர் எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போனார் என்று கேட்க வேண்டாமா? ஸ்வீடன் தேசத்தில் ஊமியோ நகரில் 1988-ல் பெட்டூலா என்ற ஆராய்ச்சியைத் தொடங்கி, 35 முதல் 80 வயது வரையுள்ளவர்களை ஐந்து வருஷத்திற்கொருமுறை திரும்பத் திரும்பப் பரீட்சித்தார்கள். 2005-ல் வெளியிட்ட முடிவு என்ன? வெவ்வேறு வயதுக்காரரை ஒப்பிட்டால் ஞாபகம் 35-லிருந்தே இறங்குவதுபோல் தெரிந்தது. அதே ஆளை அவரோடேயே ஒப்பிட்டால் 60 வயதுக்கு முன் இறக்கமே இல்லை. படிப்பு வித்தியாசத்தைக் கழித்துவிட்டாலோ, முதல் கணக்கிலும் இறக்கம் சுருங்கிவிட்டது. "இரண்டாந்தரம் எழுதுகிறவனுக்குப் பழக்கம் உதவாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காகவே புது ஆட்களையும் சேர்த்துப் பரீட்சித்து, அந்தப் பழக்கத்தின் லாபத்தைக் கழித்தே கணக்கிட்டார்கள். 60-க்குப் பிறகு இறக்கம் உண்மை. அதை நான் மறைக்கவில்லை.

பரீட்சை வைக்கும் நேரம்கூட மார்க்கை மாற்றுகிறது. அமெரிக்காவில் 1993-ல் வெளியான ஒரு பரிசோதனையில் காலையில் முதியவர்கள் வாலிபர்களுக்குச் சமமாக நின்றார்கள், சாயங்காலத்தில்தான் பின்தங்கினார்கள்.

நம் தேசத்துக்கு வருவோம். உலகெங்கும் வழங்கும் ஒரு சிறு பரீட்சை 1975-ல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. மூன்று பெயர்களைச் சொல்லிச் சற்றுப் பின் கேட்பதோடு, ஒரு வாக்கியத்தை வாசி, ஒரு வாக்கியம் எழுது என்றும் அதில் இருக்கிறது. கையெழுத்தே அறியாத பாட்டியிடம் இதை நீட்டினால் அளக்கப்படுவது அவளுடைய மூளையா, அவளுக்குப் பள்ளிக்கூடக் கதவை அடைத்தவர்களின் யோக்கியதையா? ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களுக்காக, எழுத்தறியாதவர்களுக்கு ஏற்றபடி கேள்விகளை மாற்றி, 1995-ல் ஹிந்தியில் ஒன்றை வெளியிட்டார்கள்.

இவ்வளவும் சொல்லுவதால் வியாதியே இல்லையென்று அர்த்தமல்ல. மறந்த வார்த்தைக்கு "அது ஒரு பழம்" என்று குறிப்புக் கொடுத்தால் ஆரோக்கியமான முதியவர் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளுகிறார். அல்ஸைமர் வியாதிக்காரருக்குக் குறிப்பும் அவ்வளவாக உதவுவதில்லை. ஆகவே வீட்டில் ஒரு தாயாரிடமிருந்து பெட்டிச் சாவியை வாங்கிக்கொள்ள நினைக்கிறவர்கள், முதலில் அவளை வைத்தியரிடம் அழைத்துப் போகட்டும். அதுவும் காலை வேளையில் போகட்டும்.