விபத்தோடு பிறக்கும் கடன்: கட்டடத் தொழிலாளியும் இழப்பீட்டுச் சட்டமும்

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் கொல்லிமலையில் இருக்கும் இந்தச் செம்மேட்டுக்கு வர வேண்டும். அந்தப் பாதையில் ஒரு வேன் கவிழ்ந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். காவல் துறை வழக்குப் பதிவு செய்யும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, விபத்து பற்றிய அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவது காவல் துறையின் கடமை. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பீடு இல்லாத வண்டி சாலையில் ஓடவே கூடாது என்பதும் சட்டம். அதே மனிதர் பத்திரமாக மலையிறங்கி, நாமக்கல்லிலோ திருப்பூரிலோ மூன்றாம் மாடிச் சாரத்தில் ஏறி, கட்டு அவிழ்ந்து விழுந்து இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழக்குப் பதிவாகும். ஆனால் அந்தக் காகிதமே இழப்பீட்டு மனுவாகிவிடாது. அவரை வேலைக்கு வைத்தவர் காப்பீடு எடுத்திருந்தாரா என்று யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். இரண்டு சாவுக்கும் சட்டப்படி இழப்பீடு உண்டு. முன்னதில் சட்டம் குடும்பத்தைத் தேடி வருகிறது. பின்னதில் குடும்பம்தான் சட்டத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு ஒரு நியாயமும் இல்லை என்று வாதிடவே இங்கு வந்திருக்கிறேன்.

விபத்து என்றதும் ‘யார் மேல் தப்பு?’ என்று கேட்பது நம் பழக்கம். பழைய இங்கிலாந்து நீதிமன்றங்களும் அதைத்தான் கேட்டன. 1837-இல் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் வேலையாள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து தொடையெலும்பு உடைந்து, முதலாளி மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய், சக வேலையாளின் தவறுக்கு முதலாளி எப்படிப் பொறுப்பாவார் என்ற வாதங்கள் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் தொழிலாளிகளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பின. 1884-இல் ஜெர்மனியும் 1897-இல் பிரிட்டனும் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவைத்தன. நம் நாட்டில் அதைச் செய்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பது மட்டுமே அதன் கேள்வி. ஒருவர் உழைப்பில் இலாபம் பார்ப்பவர், அந்த உழைப்பில் இயல்பாகவே கலந்திருக்கும் ஆபத்தின் செலவையும் ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. சிமென்ட்டும் கம்பியும் கட்டடத்தின் செலவு என்றால், ஒடிந்த முதுகெலும்பும் அதன் செலவுதான். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் ஓர் அத்தியாயமாகிவிட்டது. அடிப்படை மாறவில்லை. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதென்று காட்ட முடிந்தால் அதுவும் வேலை விபத்தே என்று புதிய சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. விடியுமுன் மலையிறங்கி இருட்டிய பின் ஏறிவரும் ஊர்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

இழப்பீடு எப்போது பிறக்கிறது? 1968 ஜூலை 6 அன்று ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடது கையை எடுக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் அட்டவணை இத்தகைய இழப்புக்குப் பகுதி ஊனத்துக்கான விழுக்காட்டைத்தான் வைத்திருந்தது. ஆனால் இழப்பீட்டு ஆணையர், ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவர் சம்பாதிக்கும் திறனை முழுதாக இழந்துவிட்டார் என்று கணக்கிட்டு 9,800 ரூபாயும், அதில் பாதியைத் தண்டமாகவும், வட்டியும் கொடுக்கச் சொன்னார். முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆணையரின் முடிவையே உறுதி செய்தது. அத்தோடு இன்னொன்றும் சொன்னது: ஆணையர் தொகையை நிர்ணயிக்கும் நாளில் கடமை பிறப்பதில்லை, உடலில் காயம் பட்ட நாளிலேயே பிறந்துவிடுகிறது. என் வாதம் முழுக்க இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது. காயம் பட்ட கணத்திலிருந்து வேலை கொடுத்தவர் கடன்காரர், தொழிலாளி கடன் கொடுத்தவர். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, தக்க காரணமின்றி இழுத்தடித்தால் 50 விழுக்காடு வரை தண்டம் என்று 1923 சட்டம் விதித்ததும் இதைக் கடனாகவே அது பார்த்ததால்தான்.

அந்தக் கடனின் அளவையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் கணக்குத் தெரியாத இடத்தில்தான் நடக்கிறது. இறப்புக்கு மாத ஊதியத்தில் பாதியையும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 விழுக்காட்டையும் எடுத்து, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாத ஊதியத்துக்கு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். அதன்படி 30 வயதில் இறந்தவரின் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு 18,71,820 ரூபாய். மருத்துவச் செலவு இதில் சேராது, அதைத் தனியே திருப்பித் தர வேண்டும். கட்டை விரல் போனால் 30 விழுக்காடு என்பதுபோல் பகுதி ஊனங்களுக்கு அட்டவணை இருக்கிறது. சில மாதம் மட்டும் வேலைக்குப் போக முடியாதவருக்கு ஊதியத்தின் கால் பங்கை அரைமாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். அந்த 15,000 ரூபாய் வரம்பு அநீதியானது என்பது என் கருத்து. இன்றைய கொத்தனாரின் நாள் கூலியை 26 நாளால் பெருக்கினாலே அது வரம்பைத் தாண்டிவிடும். உயிரோடிருந்தபோது அவர் சம்பாதித்ததில் ஒரு பகுதியைச் செத்த பிறகு கணக்கிலிருந்து வெட்டிவிடுகிறோம்.

ஆயினும் இந்தக் குறைந்த தொகையாவது கைக்கு வந்து சேர்கிறதா என்பதே பெரிய கேள்வி. கட்டடத் தொழிலில் இதற்கென்றே ஒரு சொல் வழங்குகிறது: ‘பேசி முடிப்பது’. பிணவறை வாசலில், உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டி நிற்கும் நேரத்தில், மேஸ்திரியும் இடையில் இருக்கும் இரண்டு பேரும் ஒரு தொகையைப் பேசுகிறார்கள். இறுதிச் சடங்குக்கும் பழைய கடனுக்கும் போதுமான பணம் கைமாறுகிறது. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் இந்தக் காட்சியை முன்னமே கண்டுவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இறந்தவருக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் (புதிய சட்டத்தில் அதற்குரிய அதிகாரியிடம்) செலுத்த வேண்டும். சிறு முன்பணம் தவிர, நேரே குடும்பத்திடம் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகாது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. நிரந்தர ஊனத்துக்குச் செய்துகொள்ளும் சமரசத்தையும் ஆணையரிடம் பதிய வேண்டும், தொகை போதாதென்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். ஆகவே அந்தக் கைநாட்டுத் தாளுக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. இருந்தும் அது வேலை செய்கிறது, ஏனென்றால் கைநாட்டு வைத்தவர் தம் உரிமை அத்தோடு தீர்ந்துவிட்டதாக நம்பி ஊர் திரும்புகிறார்.

நம்பாமல் வழக்குப் போடுபவருக்கு வேறொரு சுவர் காத்திருக்கிறது. விழுந்தவர் தன்னிடம் வேலை பார்க்கவே இல்லை என்று வேலை கொடுத்தவர் சொல்லிவிடுவார். கட்டடத்தின் சொந்தக்காரர் ஓர் ஒப்பந்ததாரரிடம் கொடுக்க, அவர் சென்ட்ரிங்குக்கு ஒருவர், கம்பி கட்ட ஒருவர், பெயிண்டுக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுக்க, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஊரிலிருந்து ஆள் கூட்டி வருகிறார்கள். சம்பள ரசீது கிடையாது, பல இடங்களில் வருகைப் பதிவேடும் கிடையாது. சனிக்கிழமைக் கூலி கையோடு கை. சட்டம் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. தன் தொழிலுக்காக ஒப்பந்ததாரரை வைத்து வேலை வாங்குபவர், அந்த ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கும் பொறுப்பு. முதலில் இவர் கொடுத்துவிட்டுப் பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் ‘தன் தொழிலுக்காக’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். அடுக்குமாடி கட்டி விற்பவர் அதற்குள் சிக்குவார். குடியிருக்க வீடு கட்டும் தனி மனிதர் சிக்கமாட்டார். அங்கே பொறுப்பு முழுவதும் மேஸ்திரியின் தலையில் விழுகிறது. அந்த மேஸ்திரியும் பல வேளைகளில் நேற்று வரை கொத்தனாராக இருந்தவர்தான்.

1923 சட்டத்தில் பிறகு சேர்த்த ஒரு பிரிவில் ஒரு விதை இருந்தது. தொழிலாளி ஒருவர் விபத்தில் இறந்ததாக எந்த வழியில் செய்தி கிடைத்தாலும், வேலை கொடுத்தவருக்கு அறிவிப்பு அனுப்பி 30 நாளுக்குள் விளக்கம் கேட்க ஆணையருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். ஆனால் ‘அனுப்பலாம்’ என்று எழுதினார்கள், ‘அனுப்ப வேண்டும்’ என்று எழுதவில்லை. உயிர் பிழைத்து ஊனமானவர்களை அதற்குள் சேர்க்கவும் இல்லை. நான் கேட்பது அந்த விதையை வளர்க்கச் சொல்வதுதான். கட்டட விபத்து பற்றிய முதல் தகவல் அறிக்கையும், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும் இழப்பீட்டு அதிகாரியின் அலுவலகத்துக்குத் தாமாகப் போய்ச் சேர வேண்டும். சாலை விபத்தில் நடப்பது போலவே, அங்கே அதுவே மனுவாக எண் பெற வேண்டும். யாரிடம் வேலை பார்த்தார் என்று நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் மேல் விழாமல், அந்த வேலையிடத்தில் அவர் எப்படி இருந்தார் என்று விளக்கும் சுமை வேலையிடத்தை நடத்தியவர் மேல் விழ வேண்டும். இப்படிச் செய்தால் பொய் வழக்கு பெருகும் என்பார்கள். அறிக்கை மனுவாகிறதே தவிர, தீர்ப்பாகிவிடுவதில்லை. எதிர்த் தரப்பு வந்து பேசவும் சாட்சி சொல்லவும் எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு, சிறிய மேஸ்திரியால் 15 லட்சம் எப்படிக் கொடுக்க முடியும் என்பது. முடியாதுதான். ஒற்றை ஆட்டோ வைத்து ஓட்டுபவராலும் முடியாது, அதனால்தான் அவரைக் காப்பீடு எடுக்க வைத்திருக்கிறோம். வரைபட அனுமதிக்குப் போகும்போது கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தொழிலாளர் நல நிதிக்காக வாங்குகிறோம். அதே சன்னலில் அந்த வேலைக்கான தொழிலாளர் காப்பீட்டுச் சான்றையும் கேட்க என்ன தடை? அனுமதி இல்லாமல் எழும் சிறு வீடுகளில் விபத்து நடந்தால், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் முதலில் கொடுத்துவிட்டுப் பொறுப்பானவரிடம் தவணையில் வசூலிக்கலாம். பணம் இல்லை என்று சொல்ல முடியாது. நாடு முழுதும் இந்த நிதிக்காக 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, சுமார் 9,500 கோடிதான் தொழிலாளர்க்காகச் செலவாகியிருக்கிறது என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே மனம் நொந்து எழுதியது.

தொழிலாளியின் அஜாக்கிரதைக்கு யார் பொறுப்பு, ஹெல்மெட் கொடுத்தும் போடவில்லையே, பெல்ட் மாட்டவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறுதல், பாதுகாப்புக் கருவியை அகற்றுதல் ஆகியவற்றைச் சட்டம் விலக்காக வைத்திருப்பது உண்மை. ஆனால் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விலக்கு பொருந்தாது. அதிகம் பறிபோன இடத்தில் குறை தேடக்கூடாது என்று முடிவெடுத்ததில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. பாதுகாப்பு என்பது ஒருவர் தலையில் மாட்டும் தொப்பி மட்டும் இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்களே, எந்த ஹெல்மெட் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்? 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்பு அமைப்பு சரிந்து 9 பேர் மாண்டபோதும், அதன் பலத்தைக் கணக்கிட்டவர்கள் அவர்கள் இல்லை.

அந்த இரண்டு துயரங்களிலும் அரசின் நிவாரணம் உடனே அறிவிக்கப்பட்டது. நல வாரியத்தில் பதிந்தவர்க்கு விபத்து உதவியும் உண்டு. பிறகு எதற்குத் தனி இழப்பீடு என்று கேட்பது இயல்புதான். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் சிலை நிற்கும் ஊரில் இதற்கு விடை சொல்வது எளிது. கொடை, கொடுப்பவரின் பெருமை. அளவும் காலமும் அவர் விருப்பம். கடனுக்கு அளவு உண்டு, தவணை உண்டு, வட்டி உண்டு. அரசு கொடுத்த நிவாரணத்தால் வேலை கொடுத்தவரின் கடன் தீர்ந்துவிடாது. நிவாரணத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: அது செய்தியாகும் சாவுகளைத்தான் உடனே காணும். ஒற்றை ஆளாகச் சாரத்திலிருந்து விழுபவரையும், கிணற்று மண் சரிந்து மூடியவரையும், உயிரோடிருந்தும் இடுப்புக்குக் கீழ் அசைவில்லாமல் வீட்டுத் திண்ணையில் கிடப்பவரையும் அது காணாது.

சட்டம் மாறும் வரை இந்த மலையில் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விபத்து எந்த ஊரில் நடந்தாலும், தொழிலாளியோ குடும்பமோ வசிக்கும் பகுதிக்குரிய அதிகாரியிடமே மனுப் போடலாம் என்று 1995-இலேயே திருத்தம் வந்துவிட்டது. பெங்களூரில் விழுந்தவருக்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டாம். மனுவுக்கு 2 ஆண்டு கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதையும் ஏற்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும். கொல்லிமலையின் மலையாளி மக்களுக்கு இது அப்படியே பொருந்தும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். மிஞ்சி நிற்பது சாட்சியம்தான். கைபேசியில் வந்த கூலிப் பணத்தின் பதிவு, மேஸ்திரியோடு பேசிய அழைப்பு, வேலையிடத்தில் எடுத்த படம், கூட இருந்தவர் சொல்லும் வாய்மொழி எல்லாமே சாட்சியம் ஆகும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகளாகவே ஊராட்சிகள் அமைந்த மலை இது. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு நோட்டு வைக்க அரசாணை வேண்டியதில்லை. வெளியூர் வேலைக்குப் போகிறவரின் பெயர், அழைத்துப்போகும் மேஸ்திரியின் பெயரும் கைபேசி எண்ணும், வேலை நடக்கும் ஊர், பேசிய கூலி, புறப்பட்ட தேதி. நாளை ஒருவர் ‘இவர் என்னிடம் வேலை பார்க்கவே இல்லை’ என்று சொல்லும்போது, அதிகாரியின் மேசையில் விரித்து வைக்க அந்த ஒரு பக்கம் இருக்கும்.