பெயர்த்தெடுக்கும் அந்தச் சில நிமிடங்கள்



வெள்ளி அடைப்பு என்று பெயர் பெற்ற பல் அடைப்பில் வெள்ளியைவிடப் பாதரசமே கூடுதல். எடையில் ஏறக்குறையப் பாதி அதுதான்; மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. கையால் கலவை செய்த காலத்தில் படித்த பல் மருத்துவர்களுக்கு அந்த வேலை மறந்திருக்காது. சிறு கல்வத்தில் உலோகத் தூளோடு பாதரசத்தைச் சேர்த்து அரைப்பார்கள். துணியில் முடிந்து முறுக்கினால் மிகுதிப் பாதரசம் மணிமணியாகப் பிதுங்கி விழும். மேசைக்கடியில் உருண்டோடிய மணியைத் தேடி எடுத்தவர்கள் குறைவு. அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், 2034-க்குள் இந்த அடைப்பின் பயன்பாட்டை நிறுத்த முடிவெடுத்தன. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. முடிவு நல்லதே. ஆனால் அது இனி வைக்கப்போகும் அடைப்புகளைப் பற்றியது. செய்தியைப் படித்துவிட்டு, "என் வாயில இருக்கறதையும் எடுத்துடுங்க டாக்டர்" என்று வருகிறவருக்கு என்ன பதில்? இந்தக் கருத்தரங்கின் மையக் கேள்வி அதுதான்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் தெளிவாகச் சொன்னது: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், நரம்பு நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக இந்த அடைப்பை வைப்பதைத் தவிர்க்க வேண்டும், அதே நேரம், நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்பை மருத்துவத் தேவையின்றி எடுக்கக் கூடாது. காரணம் எளிது. பெயர்க்கும்போது பாதரச ஆவி சிறிது காலத்துக்குக் கூடுகிறது. கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது.

பாஸ்டன், மெய்ன் பகுதிகளிலும் லிஸ்பனிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரண்டு ஆய்வுகள் 2006-இல் வெளிவந்தன. அடைப்பால் அறிவுத்திறனோ நரம்பு இயக்கமோ பாதிக்கப்பட்டதாக அவை காணவில்லை. பயந்து வருகிறவரிடம் பொறுமையாக இதைச் சொல்ல வேண்டும். அவர் பயத்தைக் காசாக்குவது இந்தத் தொழிலுக்கு அழகல்ல.

ஆனாலும் எடுத்தே ஆகவேண்டிய அடைப்புகள் உண்டு. விளிம்பு உடைந்திருக்கும், அடியில் சொத்தை ஓடியிருக்கும். அப்போது எடுக்கும் விதம்தான் எல்லாம். தண்ணீர் இல்லாமல் டிரில்லை ஓட்டினால் உலோகம் சூடேறி ஆவி கிளம்பும். சுவாசித்த பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நுரையீரல் உள்ளே இழுத்துக்கொள்ளும். விழுங்கிய துணுக்கிலிருந்து உடலில் சேர்வதோ மிகக் குறைவு. ஆகவே காவல் வேண்டியது மூச்சுக்கு. பல்லைச் சுற்றி ரப்பர் டேம், நிற்காத குளிர்ந்த நீர், பல்லை ஒட்டியே வலுவான உறிஞ்சுகுழாய். அடைப்பைப் பொடியாக்காமல், குறுக்கே வெட்டித் துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டும். எடுத்த துண்டுகள் இறுக மூடிய புட்டிக்குள் போக வேண்டும். மருத்துவக் கழிவோடு சேர்த்து எரித்தால் பாதரசம் காற்றில்தான் கலக்கும்.

அந்த உறிஞ்சுகுழாயைப் பிடித்து நிற்பவர் யார்? பெரும்பாலும் ஓர் இளம்பெண். நோயாளிக்கு ஆயுளில் ஓரிரு முறை நேர்வது அவருக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நேர்கிறது. சாதாரண முகக்கவசம் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக், ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பாதரச ஆவியைச் சுவாசித்துத் தலைவலியாலும் மறதியாலும் அவதிப்பட்டார். காரணத்தைக் கண்டறிந்து 1926-இல் அவரே எழுதினார். ஒரு பேராசிரியருக்கே அத்தனை காலம் பிடித்தது என்றால், ஜன்னல் திறக்காத குளிரூட்டிய அறையில் நிற்கும் உதவியாளருக்கு யார் சொல்வது?

முதல் அமர்வில், பிடுங்கிய பல் ஒன்றிலிருந்து அடைப்பைப் பெயர்க்கும் முறை செய்து காட்டப்படும். முன்வரிசை இரண்டும் உதவியாளர்களுக்காக விடப்பட்டுள்ளன. கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி முதலில் அவர்கள் கைக்குப் போகும்.