உயிரணுவின் உணவும் புற்றுநோயின் பரவலும்



நான் வாழும் கோட்டூர்புரத்திற்கு அண்மையில் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் எழுந்தது. அங்குச் செல்வோரிடம், “சர்க்கரையை நிறுத்தினால் மார்பகப் புற்று பட்டினியால் மடியும்” என்று அறிவுரை கூறுவோர் உளர். இக்கூற்றைச் சற்றே ஆராய்வோம்.

நல்ல உயிரணு, பிராணவாயுவின் துணையால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. அலகு ஆற்றல் பெறுகிறது. புற்றணுக்கள் பலவோ, பிராணவாயு இருக்கும்போதே சர்க்கரையில் பெரும்பகுதியைப் புளிக்கச் செய்து இரண்டே அலகு பெறுகின்றன. விறகைப் பாதி எரித்துக் கரியாக எறிவது போன்றது இது. 1920-களில் ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் இதனைக் கண்டார்.

வீண் செலவாகத் தோன்றினும் புற்றுக்கு இதில் ஆதாயம் உண்டு. சர்க்கரையின் கூறுகள் புதிய அணுக்களைக் கட்ட உதவுகின்றன. வெளியேறும் லாக்டிக் அமிலம் சுற்றுத் திசுவை நலிவித்து, புற்றணு ஊடுருவ வழி செய்கிறது. இரத்தத்தின் வழியே சென்று வேற்றுறுப்பில் குடியேறும் அணு, அங்குள்ள கொழுப்பையும் உணவாக்கிக்கொள்ள வல்லது.

ஆகவே, ஓர் உணவை மறுத்து அதனைப் பட்டினி போட இயலாது. நாம் சர்க்கரை உண்ணாவிடினும் கல்லீரல் குளுக்கோஸை ஆக்கித் தரும், மெலிபவர் நோயாளியே. நீரிழிவுடையோர் மருத்துவர் விதித்த பத்தியத்தைக் காப்பது வேறு.

தாய்மார்களே, மார்பில் கட்டி தென்பட்டால் நாணத்தாலோ அச்சத்தாலோ மறைக்காதீர்கள். அது பரவுமுன் மருத்துவரை நாடுங்கள்.