மாடி பஸ்ஸும் நம் கடமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நம் விழா மேடைகளில் காவியங்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் பேசுவது மரபு. நான் இன்று ஒரு மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் குடியேறிய நம்மவர்களைப் பல்லாண்டுகள் வேலைக்கும் பள்ளிக்கும் சுமந்து சென்ற மாடி பஸ்தான் அது.

அன்றைய பம்பாயில் 1926 ஜூலை 15ஆம் நாள், ஆப்கன் சர்ச்சுக்கும் கிராபோர்டு மார்க்கெட்டுக்கும் இடையே முதல் மோட்டார் பஸ் ஓடிற்று. 1937இல் மாடி பஸ் வந்தது. வீதியோ குறுகியது, மக்களோ மிகுதி. ஆகவே, வீதியில் இடத்தைப் பெருக்காமல் இருக்கைகளைப் பெருக்க, ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டை ஏற்றினார்கள். கீழே ஒரு கண்டக்டர், மேலே ஒரு கண்டக்டர். மணிக்கயிற்றின் ஓசையே டிரைவருக்குக் கட்டளை. ஒரு காலத்தில் இத்தகைய வண்டிகள் ஏறத்தாழ 900 ஓடின. இரு கண்டக்டர்களை அமர்த்தும் செலவு, பராமரிப்பின் சுமை ஆகியவற்றால் அவை படிப்படியாகக் குறைந்தன. எஞ்சிய சிலவும் பதினைந்தாண்டு ஆயுள் முடிந்து, 2023 செப்டம்பர் 15ஆம் நாளோடு ஓய்வு பெற்றன.

இதில் வருந்த என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். அதே ஆண்டில் மின்சாரத்தால் ஓடும் குளிர்சாதன மாடி பஸ்கள் வந்துவிட்டனவே! உண்மைதான். அவற்றைச் செய்தது நம் எண்ணூரில் வேரூன்றிய அசோக் லேலண்டின் கிளையான சுவிட்ச் மொபிலிட்டி என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. புதியது வருவதை நாம் தடுக்கவில்லை. பழையதன் ஓர் உருவையேனும் காத்து வைக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

டிராம் வண்டி நமக்கு அளித்த பாடத்தை எண்ணிப் பாருங்கள். 1874இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி, 1907இல் மின்சாரம் ஏற்று, 1964 மார்ச் 31ஆம் நாள் இரவு போரிபந்தரிலிருந்து தாதருக்கு அது இறுதியாக ஓடிற்று. பின்னாளில் மக்களுக்குக் காட்டவென ஒரு டிராமைக் கல்கத்தாவிலிருந்து கொணர நேர்ந்தது! தன் வீட்டு விளக்கை விற்றுவிட்டு அயலார் வீட்டு விளக்கை வாங்கி ஏற்றிய கதை இது.

காப்பது என்றால் வண்டியை ஒரு மூலையில் நிறுத்தி வைப்பதன்று. நம் கடற்காற்றும் நான்கு மாத மழையும் இரும்புத் தகட்டை அரித்துவிடும். நின்றே கிடந்தால் டயர் வெடிப்புறும். ரப்பர்க் குழாய்கள் இறுகும். கூரை வேண்டும், அவ்வப்போது எஞ்சினை இயக்க வேண்டும், அதை அறிந்த கைகளும் வேண்டும். லண்டனில் ரூட்மாஸ்டர் எனும் மாடி பஸ் 2005இல் வழக்கமான சேவையிலிருந்து விலகியபின்னரும், ஆர்வலர் பலர் அதனைப் பழுது பார்த்து ஓடும் நிலையில் வைத்திருக்கின்றனர்.

நமக்கு அத்தகைய பொருள் வசதி இல்லாமலிருக்கலாம். ஆயினும் நம்மால் இயன்ற பணி ஒன்றுண்டு. நம் அண்டையிலுள்ள ஆணிக் பணிமனையில் பெஸ்ட் நிறுவனத்தின் காட்சிக்கூடம் அமைந்திருக்கிறது. அதைப் பற்றி நம் குழந்தைகளுக்கு எடுத்துரைப்போம். ஓய்வு பெற்ற கண்டக்டர்களும் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் சொல்வதை இன்றே எழுதி வைப்போம். வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பழைய டிக்கெட்டுகளையும் படங்களையும் சங்கத்தில் தொகுப்போம். வண்டியைக் காப்பது நகரத்தார் பொறுப்பு. அதில் பயணம் செய்த நம் மக்களின் வரலாற்றைக் காப்பது நம் பொறுப்பு.