பொறியியலுக்கு முன் ஓர் ஆண்டு



பொறியியல் பட்டப் படிப்புக்கு முன்னால் ஓர் ஆண்டு ஆயத்தமாகப் படிக்க வேண்டியிருந்தால், அந்த ஆண்டை வீண் என்று கருதலாமா? இந்தக் கேள்வியைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டார்கள். நான் பொறியாளன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு வாத்தியாராகவும், பின்பு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் தவறான விடை சொன்னதுண்டு. அதனால், பேச எனக்கு ஓர் உரிமை இருப்பதாக எண்ணி வந்திருக்கிறேன்.

உங்களில் பலருக்குப் புகுமுக வகுப்பு என்ற சொல்லே புதிதாக இருக்கும். வீட்டில் தாத்தாவைக் கேட்டால் 'பி.யூ.சி.' என்பார். முன்பெல்லாம் பள்ளியிறுதித் தேர்வு பதினொன்றாம் வகுப்பில் முடிந்தது. அதற்கு மேல் இரண்டாண்டு இண்டர்மீடியட் வகுப்பு இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் அதை எடுத்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கொண்டு வந்தார்கள். பொறியாளராக விரும்புகிறவன் அந்த ஓராண்டைக் கலைக் கல்லூரியில் படித்துத் தேர்ந்து, அதன் பிறகே கிண்டி போன்ற கல்லூரியில் ஐந்தாண்டு பி.ஈ. வகுப்பில் சேரலாம். 1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது, புகுமுக வகுப்பு மறைந்தது, பி.ஈ. படிப்பும் பின்னர் நான்காண்டு ஆயிற்று. ஆயத்தம் செய்யும் பொறுப்பு கல்லூரியிலிருந்து பள்ளிக்கு வந்து சேர்ந்தது. பள்ளி அதை எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பது வேறொரு பேச்சு. அதில் நானும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

நான் 1974-ஆம் ஆண்டு ஜூலை மாதம் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். மன்னார்குடிக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து, தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கில வழி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கணிதம், பௌதிகம், இரசாயனம் அடங்கிய பிரிவு. முதல் மாதம் முழுவதும் பேராசிரியர் சிரித்தால் சிரித்தேன். அவர் பலகையில் எழுதியதை எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளியில் கணக்கில் முதல்வன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அங்கே ஒரு கோப்பைத் தேநீர் கூட வாங்க முடியாது என்று விரைவில் தெரிந்துகொண்டேன்.

பௌதிக ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓர் உலோகக் குண்டின் கன அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் சாதாரண அளவுகோலை வைத்துப் பார்த்து, விட்டம் 2 சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டேன். சூத்திரம் மனப்பாடம். பை என்பதற்கு இருபத்திரண்டின் கீழ் ஏழு போட்டு வகுத்து, 4.190476 கன சென்டிமீட்டர் என்று பெருமையோடு எழுதிக் காட்டினேன். விரிவுரையாளர் அதைப் பார்த்தார். "இந்த ஆறாவது தசம இலக்கத்தை எங்கே பார்த்தாய்?" என்று தமிழில் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் உட்கார்ந்து விளக்கினார். உன் அளவுகோலில் அரை மில்லிமீட்டர் முன்பின் தவறியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் விட்டம் 1.95 ஆக இருக்கலாம், 2.05 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் கன அளவைப் போட்டுப் பார் என்றார். போட்டேன். ஒன்று 3.9-க்குச் சற்றுக் கீழே, மற்றது 4.5. விட்டத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு பிழை, கன அளவில் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகி நிற்கிறது. முதல் தசம இலக்கமே ஆட்டம் காண்கிறது. நான் ஆறாவது இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்!

அதன் பிறகுதான் வெர்னியர் அளவியை என் கையில் கொடுத்தார். ஒன்பது மில்லிமீட்டர் நீளத்தைப் பத்துச் சம பங்காகப் பிரித்த ஒரு சிறு அளவுகோல், பெரிய அளவுகோலின் மேல் நகர்கிறது. ஒவ்வொரு பங்கும் மில்லிமீட்டரைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒன்றுகிறது என்று பார்த்தால் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரையில் கணக்கிடலாம். இவ்வளவுதான் செய்தி. பள்ளிப் புத்தகத்தில் இதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் 'இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?' என்று கேட்கும் பழக்கம் அன்று மாலைதான் எனக்கு உண்டாயிற்று. ஆயத்த ஆண்டு எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால், பாடத்திட்டத்தை எடுத்துக் காட்டுவதைவிட அந்தக் குண்டின் கதையையே சொல்ல விரும்புவேன்.

கணிதத்துக்கும் ஒரு சான்று சொல்லலாம். கிராமத்துத் தச்சர் கூரைக்கு விட்டம் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். (வட்டத்தின் குறுக்களவுக்கும் கூரை மரத்துக்கும் தமிழில் ஒரே சொல், பிள்ளைகளைக் குழப்புவதற்கு இது எனக்கு நன்றாகப் பயன்பட்டது.) மரத்தைத் தட்டையாகப் படுக்க வைக்க மாட்டார், குறுகிய பக்கம் கீழே வரும்படி நிறுத்தியே வைப்பார். காரணம் கேட்டால், "அப்படித்தான் தாங்கும்" என்பார். இருபது சென்டிமீட்டர் அகலமும் ஐந்து சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். வளையாமல் நிற்கும் விறைப்பு, அகலத்தின் படியும், உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தின் படியும் அமைகிறது. படுக்க வைத்தால் இருபதை ஐந்தின் கனத்தால் பெருக்க 2,500 வரும். நிறுத்தி வைத்தால் ஐந்தை இருபதின் கனத்தால் பெருக்க 40,000 வரும். அதே மரம், அதே எடை. விறைப்பு மட்டும் பதினாறு மடங்கு. ஏன் மும்மடி வருகிறது என்பதை அறியத் தொகை நுண்கணிதம் வேண்டும். தச்சருக்கு அது தேவையில்லை; அவருடைய பாட்டன் காலத்திலிருந்து மரம் அதே மரந்தான். ஆனால் நாளைக்கு வேறொரு பொருள், வேறொரு வடிவம் வந்தால், காரணம் அறிந்தவனுக்கே வழி திறக்கும். நுண்கணிதத்தைத் தேர்வுக்காகக் கடந்து வந்தவன் பொறியியல் முதலாண்டில் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறான்.

என் கதையை முடித்துவிடுகிறேன். அவ்வாண்டு நான் தேறினேன். ஆனால் பொறியியல் கல்லூரிக்குரிய மதிப்பெண் வரவில்லை. பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன், ஆசிரியப் பயிற்சி பெற்றேன். வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் ஆசிரியனாக நான் செய்த நல்ல காரியங்களில் பாதி அந்தப் புகுமுக ஆண்டில் கற்றவை.

இனி, நான் சொன்ன தவறான விடைக்கு வருகிறேன். இந்திய தொழில்நுட்பக் கழகங்களில், அதாவது ஐ.ஐ.டி.களில், முன்தயாரிப்புப் படிப்பு என்று ஓராண்டுப் படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களும் மாற்றுத்திறனாளிகளும், தமக்குரிய தளர்த்தப்பட்ட மதிப்பெண்ணையும் எட்டாதபோது, அவர்களுக்கென ஒதுக்கிய இடங்கள் காலியாக இருந்தால், இன்னும் தளர்த்திய அளவில் ஒரு பட்டியல் போட்டு அழைக்கிறார்கள். ஓராண்டு கணிதம், பௌதிகம், இரசாயனம், ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்பிக்கிறார்கள். அதில் தேறினால், மீண்டும் நுழைவுத் தேர்வு எழுதாமலே அடுத்த ஆண்டு பட்டப் படிப்பில் சேரலாம். பழைய புகுமுக வகுப்பின் பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்லலாம்.

2012-ஆம் ஆண்டு என் பள்ளி மாணவன் ஒருவனுக்கு அந்த அழைப்பு வந்தது. அவனுடைய தந்தையார் கொத்தனார். தமிழ் வழியில் படித்தவன். அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கேள்விகளைத் தானே கற்றவன். தந்தையும் மகனும் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்கள். "ஐயா, முதலில் ஒரு வருஷம் சும்மா படிக்கணுமாம். அதுக்கப்புறம்தான் நாலு வருஷமாம். ஒரு வருஷம் வீணாகாதா?" என்று அவர் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் ஒரு கல்லூரியில் இடம் கிடைக்கிறதே, உடனே சேர்ந்துவிடலாம். நான்கு ஆண்டில் பையன் சம்பாதிப்பான் என்றேன். இரண்டு நிமிடத்தில் சொன்ன விடை.

அவன் சேர்ந்த கல்லூரியின் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கேள்வித்தாளில் உள்ள நான்கு வரி ஆங்கிலத்தைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த பையனுக்கு, ஒரு மணி நேர ஆங்கில விரிவுரையைத் தொடர முடியவில்லை. முதல் பருவத்தில் கணிதமும் பௌதிகமும் போயின. இரண்டாம் பருவத்துப் பாடம் முதல் பருவத்தின் மேல் நிற்பது. அடித்தளம் இல்லாமல் மேல்மாடி எழுப்புகிற வேலையாயிற்று. பாக்கித் தாள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. நான்கு ஆண்டில் முடிய வேண்டிய பட்டம் ஆறு ஆண்டில் முடிந்தது. நான் மிச்சப்படுத்திக் கொடுத்த ஓர் ஆண்டுக்கு அவன் இரண்டாண்டு கட்டினான்.

இங்கிலாந்திலும் பல்கலைக்கழகங்கள் இத்தகைய ஆண்டை நடத்துகின்றன. சவுத்தாம்ப்டன், லவ்பரோ போன்ற பல்கலைக்கழகங்களில் பொறியியலுக்கு அடித்தள ஆண்டு இருக்கிறது. அந்நாட்டில் பதினாறு வயதிலேயே மாணவர்கள் பெரும்பாலும் மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். வரலாறும் இலக்கியமும் எடுத்த ஒருவன் பதினெட்டு வயதில் பாலம் கட்ட ஆசைப்பட்டால், கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் திரும்பி வர ஒரு கதவு வேண்டுமல்லவா? அதற்காக மூன்றாண்டுப் பட்டத்தின் முன்னால் ஓர் ஆண்டைச் சேர்த்து நான்காக்குகிறார்கள். அந்த ஆண்டுக்கும் கட்டணம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2023-இல், எங்கள் தெருவில் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் அம்மையாரின் மகளுக்கு அதே முன்தயாரிப்பு அழைப்பு வந்தது. இம்முறை நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். தெரிந்தவர்களை விசாரித்தேன். தாயாரிடம் செலவைப் பற்றிப் பேசினேன். பெண்ணிடம் தனியாகவும் பேசினேன். அவளை உறுத்தியது படிப்பன்று. "விடுதியில் எந்த வருஷம் என்று கேட்டால் என்ன சொல்வது, ஐயா?" என்றாள். முதலாண்டும் இல்லை, பள்ளியும் இல்லை, அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று அஞ்சினாள். அந்த அச்சத்தை நான் சிறிதென்று சொல்லவில்லை. பதினேழு வயதில் அது மலை. போ, கேட்டால் உள்ளதைச் சொல் என்று மட்டும் சொன்னேன். போனாள்.

முதல் இரண்டு மாதம் தொலைபேசியில் அழுகை. பிறகு பேச்சு மாறிற்று. ஒரு கணக்கு வரவில்லையென்றால் விடையைப் பார்க்காமல், 'எந்த வரி வரையில் எனக்குத் தெரிகிறது?' என்று நோட்டில் கோடு போட்டு வைப்பதாகச் சொன்னாள். வார முடிவில் அந்தக் கோடுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பாளாம். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றனவாம்: சொற்களில் உள்ள செய்தியைச் சமன்பாடாக எழுதும் இடம். என் அனுபவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் நிற்கும் இடம் அதுவே. 2024-இல் தேறி, பட்டப் படிப்பின் முதலாண்டில் சேர்ந்தாள்.

அவளுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றை உங்களுக்கும் கொடுக்கிறேன். வீட்டில் ஆட்டுரல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு டம்ளர் போதும். மேலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று ஒரு படம். முன்னிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று இன்னொரு படம். உரலின் குழி முன்னிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அது இருக்கிறது. ஆகவே அதை விட்டுவிட்டுக் கோடாக வரைய வேண்டும். அளவெடுத்து, அளவுத்திட்டம் குறித்து வரையுங்கள். பிறகு அந்தப் படத்தை, உரலையே பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, களிமண்ணில் செய்யச் சொல்லுங்கள். அவர் செய்ததைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். பிறகு உங்கள் படத்தைப் பார்த்துத் திருத்துவீர்கள். இதற்குக் கல்லூரியும் வேண்டாம், பணமும் வேண்டாம். அத்துடன், நாள்தோறும் படித்த பாடத்தில் ஐந்து வரியை ஆங்கிலத்தில் உங்கள் சொந்த வாக்கியமாக எழுதுங்கள். பிழை வந்தால் வரட்டும்.

கொத்தனார் மகன் இப்போது ஒரு கட்டட நிறுவனத்தில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்க்க வருவான். ஒரு பொங்கலன்று துணிந்து கேட்டேவிட்டேன். "தம்பி, அன்று நான் சொன்னது தவறு. உனக்கு என்மேல் கோபம் இல்லையா?" என்றேன். அவன் கரும்பை ஒடித்துக்கொண்டே, "அந்த வருஷம் அப்பாவுக்கு முதுகுவலி, ஐயா. பாதி நாள் வேலைக்குப் போகவில்லை. நீங்கள் போகச் சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்" என்றான். அது உண்மையா, அல்லது என் மனம் நோகக் கூடாதென்று சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.